பள்ளிக்கூடம் ஓட்டு கேட்கும் கதை

அமெரிக்காவில் சில மாநிலங்களில் பள்ளிக்கூடமே தேர்தலில் நிற்கும். கட்சி கிடையாது, சின்னம் கிடையாது, எதிர் வேட்பாளர் கூட கிடையாது. ஆனா வீட்டு வாசல் புல்வெளியில போர்டு நடுவாங்க, சாயங்காலம் கதவைத் தட்டி ஓட்டு கேட்பாங்க, தேர்தல் ராத்திரி முடிவுக்காகக் காத்திருப்பாங்க. நான் சொல்லப் போறது ஒஹாயோ மாநிலத்துக் கதை. இந்த விஷயத்துல அவங்களை அடிச்சுக்க ஆளில்லை.

இதுக்குப் பேர் 'லெவி'. கட்டடம் கட்ட வாங்கற கடனுக்குத் தனி ஓட்டு உண்டு, அது வேற. லெவியில் பெரும்பாலும் கேட்பது அன்றாடச் செலவுக்கான பணம். வாத்தியார் சம்பளம், பஸ் டீசல், கரண்ட் பில், குளிர்காலத்து ஹீட்டர், இதெல்லாம்தான். ஓட்டுச்சீட்டில் 'கூடுதல்' என்று ஒரு வார்த்தையும், இத்தனை 'மில்' என்று ஒரு கணக்கும் இருக்கும். அந்த 'கூடுதல்' என்ற வார்த்தைதான் இந்தக் கதையோட வில்லன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல மில். மாவு மில் இல்லைங்க :-) ஒரு டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒஹாயோவில் வீட்டோட சந்தை விலையில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. ஒரு லட்சம் டாலர் வீடுன்னா 35,000 டாலர் கணக்கில் வரும். அதுக்கு ஒரு மில் என்றால் வருஷத்துக்கு 35 டாலர். அஞ்சு மில் லெவி ஜெயிச்சா 175 டாலர். வேலையில் இருப்பவனுக்கு இது பெரிசில்லை. பென்ஷனில் காலம் தள்ளுற கிழவிக்கு அது மருந்துக் காசு.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதுக்கு ஊரையே கூட்டி ஓட்டு? கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஒஹாயோ மாநிலமா ஆனது 1803-ல். அதுக்கு முன்னாடியே, 1785-ல், அந்தப் பக்கத்து நிலத்தை அளந்து விற்க ஒரு சட்டம் போட்டாங்க. ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் 36 சதுரமாப் பிரிச்சு, அதுல 16-வது சதுரத்தைப் பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்கி வச்சாங்க. ஒரு சதுரம் 640 ஏக்கர். நம்ம ஊர் கோயில் மானியம் மாதிரின்னு வச்சுக்கோங்க. மானிய நிலத்துக்கு என்ன கதி ஆகுமோ அதேதான் இங்கேயும் பெரும்பாலும் ஆச்சு. 1825-லேயே சொத்து வரியில் கை வைக்க வேண்டி வந்தது. 1851 அரசியல் சட்டத்தில், மாநிலம் முழுக்க முழுமையான, திறமையான பொதுப் பள்ளி அமைப்பு இருக்கணும்னு எழுதினாங்க. இந்த வாசகத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, நூத்தைம்பது வருஷம் கழிச்சு கோர்ட்டுக்கு வரும்.

ஓட்டு எங்கே நுழைஞ்சுதுன்னா, பொருளாதார மந்தத்தில். விவசாயிகளும் வீட்டுக்காரங்களும் வரி கட்ட முடியாமல் தவிச்ச காலம். 1933-ல் மக்களே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தைத் திருத்தினாங்க: மக்களைக் கேட்காமல் போடும் சொத்து வரி மொத்தமும் பத்து மில்லைத் தாண்டக்கூடாது. கவுண்டி, நகரம், பள்ளி எல்லாரும் அந்தப் பத்துக்குள்ளேயே பங்கு போட்டுக்கணும். அதுக்கு மேல வேணும்னா ஊரைக் கேளு. அன்னிக்கு இருந்த நிலைமைக்கு நியாயமான காரியம்தான்.

ஊர் 'மாட்டேன்'னு சொன்னா? யங்ஸ்டவுன் நகரத்தில் நடந்தது. வடகிழக்கு மூலையில் இருக்கும் இரும்பாலை ஊர். அறுபதுகளின் கடைசியில் லெவியை ஒண்ணில்லை ரெண்டில்லை, ஆறு தடவை தோற்கடிச்சாங்க. 1968 நவம்பர் கடைசியில் கஜானா காலி. பள்ளிகளை இழுத்து மூடிட்டாங்க. புது வருஷத்து வரிப்பணம் வந்தபிறகுதான், 1969 ஜனவரியில், திறந்தாங்க. உலை கொதிச்சிட்டிருந்த காலம் அது. ஆலைகள் மூட ஆரம்பிச்சது 1977-ல்தான். அதனால ஊர்ல பணமில்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. 1976-லும் 1977-லும் டொலிடோ நகரப் பள்ளிகளும் இதே மாதிரி மூடின. அப்புறம்தான் மாநில அரசு முழிச்சுக்கிட்டு, மூடாதே, கடன் தர்றேன்னு சொல்லுச்சு.

மூடினது எல்லாருக்கும் தெரிஞ்சது. யாருக்கும் தெரியாம நடந்த காரியம் 1976-ல் வந்த ஒரு சட்டம். ஹவுஸ் பில் 920. விலைவாசி தலைதெறிக்க ஓடின நேரம். வீட்டு மதிப்பு ஏறினா வரியும் தானா ஏறுதேன்னு மக்கள் கத்தினாங்க. சட்டம் என்ன பண்ணுச்சுன்னா, லெவி ஜெயிச்ச வருஷம் எத்தனை டாலர் வசூலாச்சோ, பழைய வீடுகள்கிட்டேர்ந்து அதே டாலர்தான் பிறகும் வசூலாகணும்னு கட்டிப் போட்டது. வீட்டு மதிப்பு ரெட்டிப்பானா மில் பாதியாகும். (20 மில்லுக்குக் கீழே இறங்காமல் ஒரு தரை உண்டு. ஆனா நிறைய ஊர்கள் அந்தத் தரைக்கு மேலேயே இருந்துது.)

இப்ப யோசிங்க. ஒரு ஊர் வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர்னு லெவி ஜெயிக்குது. பத்து வருஷம் கழிச்சும் ஏறக்குறைய அதே பத்து லட்சம். டீசல் விலை அதேவா? ஹெல்த் இன்ஷூரன்ஸ் அதேவா? அதனால நாலைஞ்சு வருஷத்துக்கொரு தடவை பள்ளி திரும்பவும் கையேந்தி வரும். புதுசா ஒண்ணும் செய்யறதுக்கில்லை, நிற்கிற இடத்திலேயே நிற்கிறதுக்கு. ஆனா சீட்டில் இருப்பது 'கூடுதல்'. படிக்கிறவன், "போன தடவை குடுத்தேனே, எங்கே போச்சு?"ன்னு கேட்கத்தானே செய்வான்? அவன் கேள்வியிலும் தப்பில்லை, பள்ளி கேட்பதிலும் தப்பில்லை. மாநில வருமான வரிக்கும் விற்பனை வரிக்கும் பெரும்பாலும் யாரும் வாசல்ல வந்து சம்மதம் கேட்பதில்லை. 'நோ' சொல்ல முடியற ஒரே பில் இதுதான்னா, மொத்தக் கோபமும் இதுமேலதான் இறங்கும்.

அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: "லாட்டரி காசு என்னாச்சு?" 1987-ல் லாட்டரி லாபம் கல்விக்குத்தான்னு அரசியல் சட்டத்திலேயே எழுதினாங்க. ஆனா மாநிலம் முழுக்க ஆகும் பள்ளிச் செலவுக்கு முன்னாடி அது ஊறுகாய்.

நானும் இந்த மாநிலத்தில் வீடு வாங்கினவன்தான். வரி ரசீதில் பெரும்பகுதி பள்ளிக்குப் போறதைப் பார்த்து முதல்ல வாயடைச்சுப் போனேன். எச்-1 விசாவில் இருக்கிற நம்மாளுங்க பள்ளி ரேட்டிங் பார்த்துத்தான் வீடே வாங்குவாங்க. வரி முழுசாக் கட்டணும், லெவிக்கு ஓட்டுப் போட மட்டும் முடியாது. பஸ்ஸை நிறுத்தப் போறாங்களா, பேண்டு வகுப்பு போகுதா, பையன் ஃபுட்பால் ஆட எவ்வளவு கட்டணம்னு, முடிவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். லெவி தோத்தா முதல்ல வெட்டு விழறது இதுங்க மேலதான்.

சரி, கோர்ட் கதை. பணக்கார ஊரில் ஒரு மில் அள்ளிக் கொட்டும். நிலக்கரிச் சுரங்கம் மூடின ஏழை ஊரில் அதே மில் சில்லறை. 1991-ல் பெர்ரி கவுண்டியில் நேதன் டிரோல்ஃப் என்ற மாணவன் பெயரில் வழக்கு போட்டாங்க. 1997 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று தீர்ப்பு சொல்லுச்சு: இந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம். அந்தத் தீர்ப்பில் வர்ற பள்ளிக்கூடங்களைப் படிச்சா பேய்க்கதை மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் நிலக்கரி அடுப்புத் தூசி ராத்திரி முழுக்கப் பெஞ்சுமேல படியும். இன்னொரு பள்ளிக் கட்டடம் மாசத்துக்கு ஒரு அங்குலம் மலைச்சரிவில் வழுக்கிக்கிட்டே இருந்தது. 2000-லும் 2002-லும் அதே நீதிமன்றம் அதையே சொல்லுச்சு. 2003-ல் வழக்கையும் முடிச்சு வச்சுட்டாங்க. சரி பண்ணச் சொன்னாங்க, கடைசித் தீர்ப்பில் எப்போன்னு சொல்லலை.

கட்டடங்கள் நிறைய புதுசாச்சு, அது உண்மை. 2021-ல் மாநிலப் பணத்தைப் பங்கிட ஒரு புது சூத்திரமும் வந்தது. லெவி போகலை.

பக்கத்து மிச்சிகன் வேற வழியில் போச்சு. 1993 மார்ச்சில் கல்காஸ்கா என்ற சின்ன ஊரில் மக்கள் வரியை மறுக்க, ரெண்டு மாசத்துக்கு மேல பாக்கி இருக்கும்போதே பள்ளி வருஷத்தை முடிச்சுட்டாங்க. நாடே சிரிச்சுது. அந்த ஜூலையிலேயே சட்டசபை, பள்ளி நடத்தற செலவுக்கான சொத்து வரியையே வெட்டித் தூக்கிட்டு, மாற்று என்னன்னு அப்புறம் யோசிச்சாங்க. 1994 மார்ச்சில் மக்கள் ஓட்டுப் போட்டு விற்பனை வரியை 4-லிருந்து 6 சதவீதமா ஏத்தினாங்க. அதோட ஊர் ஊராக் கூடுதல் செலவுப் பணம் கேட்டு நிற்பது பெரும்பாலும் போச்சு. பதிலுக்கு, சொந்தப் பள்ளிக்கு நாலு காசு அதிகம் குடுக்கணும்னு ஒரு ஊர் நினைச்சாலும் சுலபமாக் குடுக்க முடியாது. எனக்கு மிச்சிகன் வழியே தேவலைன்னு படுது. ஒஹாயோக்காரங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வருவாங்க, எங்க பள்ளி எங்க ஓட்டும்பாங்க.

கொரோனாவுக்கு அப்புறம் வீட்டு மதிப்பு எகிறினதில், 2025-ல் சொத்து வரியையே ஒழிக்கணும்னு ஒஹாயோவில் கையெழுத்து வேட்டை ஆரம்பிச்சுது. அதே வருஷத்திலும் புல்வெளிகளில் லெவி போர்டு இருந்தது. மே மாசம் தோத்த பள்ளி, நவம்பரில் மில்லைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டுத் திரும்பவும் கதவைத் தட்டும்.