இரு நாடுகள், ஒரு படை: அன்சாக் வரலாறு



ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 அன்று நாம் வாழும் ஆஸ்திரேலியாவிலும், கடலுக்கு அப்பால் நியூசிலாந்திலும் விடுமுறை. பொழுது விடியும் முன்பே மக்கள் போர் நினைவுச் சின்னங்களின் முன் கூடுகிறார்கள். முன்னோர் பெற்ற பதக்கங்களைப் பேரப்பிள்ளைகள் வலப்பக்க மார்பில் அணிந்து வருகிறார்கள். தனித்தனி அரசும் தனித்தனிக் கொடியும் உள்ள இரண்டு நாடுகள் ஒரே நாளில் ஏன் துக்கம் அனுசரிக்கின்றன? நம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மலரின் இந்தப் பக்கங்களில் அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஒன்றாகப் புறப்பட்ட கப்பல்கள்

1901-ல் ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடாயின. நியூசிலாந்துக்கும் அழைப்பு இருந்தது. அது சேரவில்லை, தனி நாடாகவே இருக்க விரும்பியது. இரண்டும் பிரிட்டிஷ் பேரரசின் பகுதிகளாக இருந்ததால், 1914 ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியபோது இவையும் இறங்கின.

நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய 10 கப்பல்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்துக்கு வந்தன. நவம்பர் 1 அன்று இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து புறப்பட்டன. ஏறத்தாழ 30,000 வீரர்களும் ஆயிரக்கணக்கான குதிரைகளும் அவற்றில் இருந்தனர். வழியில், காவலுக்கு வந்த போர்க்கப்பல்களில் ஒன்றான 'சிட்னி', நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் அருகே 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பலை வீழ்த்தியது. எம்டனை உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கப்பல் அது. பிறகு வீரர்களை ஏற்றிய கப்பல்கள் கொழும்பில் நின்று, எகிப்துக்குச் சென்றன.

படை பிறந்த கதை

எகிப்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அக்காலப் படைகளில் டிவிஷன் என்பது பல பிரிவுகள் சேர்ந்த, 15,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட பெரிய அமைப்பு. ஆஸ்திரேலியாவிடம் முழு டிவிஷன் ஒன்று இருந்தது. சிறிய நாடான நியூசிலாந்திடம் ஒரு டிவிஷனுக்குப் போதுமான ஆட்கள் இல்லை. எனவே ஜான் மோனாஷ் தலைமையிலான ஆஸ்திரேலியப் பிரிவு ஒன்று நியூசிலாந்து வீரர்களுடன் சேர்க்கப்பட்டது. அந்தக் கலப்பு டிவிஷனுக்கு இரு நாடுகளின் பெயரும் இடப்பட்டது. இரண்டு டிவிஷன்களும் சேர்ந்து 1914 டிசம்பரில் 'ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இராணுவக் கோர்' ஆயின. அதன் ஆங்கில முதலெழுத்துகளே அன்சாக். இந்தியாவின் புனே அருகே கிர்க்கியில் பிறந்த வில்லியம் பேர்ட்வுட் அதன் தளபதி.

சேர்ந்து இயங்கியபோதும் எந்த நாடும் தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது. அன்சாக்கின் அடித்தளம் இதுதான்.

கலிப்போலி

1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் அன்சாக் வீரர்கள், எதிரணியில் இருந்த துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் இறங்கினார்கள். கடற்கரையை ஒட்டியே செங்குத்தான குன்றுகள். உச்சியில் தம் மண்ணைக் காக்கும் துருக்கிய வீரர்கள். எட்டு மாதம் போர் நடந்தும் குன்றுகள் வசப்படவில்லை.

அங்கே இந்தியர்களும் இருந்தார்கள். இந்திய மலைப் பீரங்கிப் படையினர் முதல் நாளே இறங்கினர். இந்தியக் கோவேறு கழுதைப் படையினர் குன்றுகளின் மேல் தண்ணீரும் உணவும் குண்டுகளும் சுமந்தனர். காயம்பட்டவர்களைக் கழுதை மேல் ஏற்றிக் கீழே கொண்டுவந்த சிம்சனின் கதையை ஆஸ்திரேலியப் பள்ளிகளில் படிக்கிறீர்கள். அவர் அந்த இந்தியர்களின் முகாமில்தான் சாப்பிட்டுத் தங்கினார்.

ஆகஸ்டில் நடந்ததைக் கவனியுங்கள். நியூசிலாந்து வீரர்கள் சுனுக் பைர் என்ற உச்சியைப் பிடிக்க வேண்டும். துருக்கியரின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப, ஆகஸ்ட் 6 அன்று ஆஸ்திரேலியர்கள் லோன் பைன் என்ற இடத்தைத் தாக்கினார்கள். அங்கே அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று வில்லியம் மலோன் தலைமையில் நியூசிலாந்தின் வெலிங்டன் படையணி உச்சியை அடைந்தது. அன்றே மலோன் உயிரிழந்தார். இரண்டு நாளில் துருக்கியர் அந்த உச்சியை மீட்டுக்கொண்டார்கள்.

டிசம்பரில் படை இரகசியமாகப் பின்வாங்கியது. ஆஸ்திரேலியர் 8,000-க்கும் மேல், நியூசிலாந்தர் ஏறத்தாழ 2,800 பேர் மாண்டிருந்தனர். துருக்கியத் தரப்பில் இறந்தவர்கள் 80,000-க்கும் அதிகம். போர் வீரக்கதை மட்டுமன்று என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. மே 24 அன்று இரு தரப்பும் சில மணி நேரம் போரை நிறுத்தி, தத்தம் தோழர்களைப் புதைத்ததையும் நினைவில் வையுங்கள்.

பின்னரும் தொடர்ந்த உறவு

1916-ல் படை பெருகி இரண்டு கோர்களாகி ஐரோப்பாவுக்குச் சென்றது. பாலைவனப் போர்முனையில் அன்சாக் குதிரைப்படை டிவிஷன், போர் முடியும்வரை இரு நாட்டு வீரர்களையும் கொண்டிருந்தது. 1941-ல் கிரேக்க நாட்டில் அன்சாக் கோர் மீண்டும் அமைந்தது. வியட்நாம் போரில் பட்டாலியன் எனப்படும் ஆஸ்திரேலியப் படையணிகளுக்குள் கம்பெனி எனப்படும் நியூசிலாந்துச் சிறு பிரிவுகள் சேர்க்கப்பட்டு, பட்டாலியன் பெயரிலேயே அன்சாக் என்பது இடம்பெற்றது. 1999-ல் கிழக்குத் திமோரில் அமைதி காக்கவும் இரு நாட்டவரும் சேர்ந்தே போனார்கள். எதிரியாக நின்ற துருக்கியும் 1985-ல் அவர்கள் இறங்கிய கலிப்போலிக் கடற்கரைக்கு அன்சாக் குடா என்று அதிகாரபூர்வமாகப் பெயரிட்டது.

மாணவர்களே, அடுத்த ஏப்ரல் 25 அன்று உங்கள் ஊர் நினைவுச் சின்னத்துக்குப் பெற்றோருடன் போங்கள். அங்கே பொறித்திருக்கும் பெயர்களைப் படியுங்கள். நியூசிலாந்திலிருந்து வந்த வகுப்புத் தோழர் இருந்தால், அவர் வீட்டுக் கதையைக் கேளுங்கள். இங்கே துருக்கியர், இலங்கையர், இந்தியர் எல்லோரும் ஒரே தெருவில் வாழ்கிறோம். தன் அடையாளத்தை இழக்காமலே பக்கத்து வீட்டுக்காரரின் குறையை நிரப்பலாம் என்று அன்சாக் காட்டியது. அதற்குப் போர் தேவையில்லை. அதை அமைதிக் காலத்தில் செய்துகாட்டும் பொறுப்பு உங்கள் தலைமுறையுடையது.