தஞ்சோங் ரம்புத்தானுக்கு முன்னும் பின்னும்: பினாங்குத் தமிழரும் மனநல மருத்துவமும்

முன்னுரை

பினாங்கிலும் பேராவிலும் வளர்ந்த தமிழருள் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்னும் ஊர்ப்பெயரைப் புவியியல் பாடத்தில் முதன்முதலாகக் கற்றவர் அரியர். பள்ளித் திடலிலோ காப்பிக்கடையிலோ ஒருவர் மற்றவரைக் கேலி செய்யும் சொல்லாகவே அது நம் செவிகளில் விழுந்தது. சென்னைத் தமிழில் 'கீழ்ப்பாக்கம்' எப்பொருளைப் பெற்றதோ, மலேசியத் தமிழில் அப்பொருளை இவ்வூர் பெற்றது. இரண்டு ஊர்களும் செய்த பிழை ஒன்றே; அங்கு மனநோய் மருத்துவமனைகள் இருந்தன. கீழ்ப்பாக்கத்தில் 1871-ஆம் ஆண்டிலும் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டிலும் அவை தொடங்கப்பெற்றன.

மனச்சோர்வு, மனப்பதற்றம் முதலான பரவலான நோய்களால் துன்புறும் தமிழர் மருத்துவரை நாடாமைக்கு அவர்தம் அறியாமையே காரணம் என்று கூறுவது வழக்கம். பினாங்கின் வரலாற்றை நோக்கின், அக்கூற்று பாதி உண்மையே எனத் தோன்றுகிறது. அச்சத்திற்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. காரணம் நீங்கிய பின்னரும் அச்சம் நம் மொழியில் தங்கிவிட்டது. இவ்விரண்டையும் பிரித்துக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

தொலைவில் இருந்த மருத்துவமனை

1786-இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய குடியேற்றத்தில் மனநோயாளருக்கான இடம் மிக முற்பட்டே ஏற்பட்டது. 1829-ஆம் ஆண்டளவிலேயே பினாங்கு மருத்துவமனையை ஒட்டி அத்தகைய புகலிடம் ஒன்று இருந்தமை மலாயா மனநல மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படுகிறது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் எழுந்தது 1833-இல் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆனால் 'புகலிடம்' என்னும் சொல் நம்மை மயக்கிவிடக் கூடாது. தெருவில் திரிந்தோரை அடைத்து வைப்பதே அக்காலத்து முதன்மை நோக்கம். நோய் தீர்ப்பதற்குரிய மருந்து உலகில் எங்கும் இல்லை.

ஈப்போவுக்கு அருகில் 1911-இல் திறக்கப்பெற்ற தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை, பின்னாளில் வடமாநிலங்கள் பலவற்றிற்கும் உரியதாய் வளர்ந்து, 4,000-க்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்ட ஒரு தனி ஊராகவே ஆயிற்று. ஜோர்ஜ்டவுனில் வாழ்ந்த ஒரு குடும்பம் அங்குள்ள உறவினரைக் காண வேண்டுமாயின், படகில் கடலைக் கடந்து, பிறையில் இரயிலேறிச் செல்லவேண்டும். துறைமுகத்தில் நாட்கூலிக்கு உழைத்தவருக்கு அப்பயணம் எத்தனை முறை இயன்றிருக்கும்? சென்றவர் பலர் திரும்பவில்லை. திரும்பியவரைப் பற்றி வீட்டார் பேசவில்லை. இத்தகைய மருத்துவமனைக்கு அஞ்சியவரை அறியாதவர் என்று சொல்ல நாம் துணியோம்.

சட்டமும் அச்சத்திற்குத் துணை நின்றது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு இயற்றப்பட்ட சட்டம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிற்று. அதன் வழிவந்த 309-ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளித்து, 2023-ஆம் ஆண்டு வரை மலேசியாவில் நடைமுறையில் இருந்தது. உயிர் பிழைத்தவரை மருத்துவரிடம் கொண்டுசெல்லும் குடும்பம் காவல்துறையையும் எண்ணிப் பார்க்கவேண்டிய நிலை அது. இது நமக்கு அயலார் சிக்கலன்று. மனநல மருத்துவப் பேராசிரியர் தி. மணியம், கேமரன் மலையில் நிகழ்ந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் ஆராய்ந்து 1988-இல் பிரிட்டன் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையிலும், அதன் பின் வந்த ஆய்வுகள் பலவற்றிலும், இந்தியர் தம் மக்கள்தொகை விகிதத்தை விஞ்சி இடம்பெற்றிருந்தனர்.

1958

பினாங்கின் பங்கு இங்குத்தான் தனித்துத் தெரிகிறது. நாட்டிலேயே முதன்முதலாக, ஒரு பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு தொடங்கப்பெற்றது பினாங்குப் பொது மருத்துவமனையில், ஆண்டு 1958. கால் முறிந்தவரும் காய்ச்சல் கண்டவரும் நுழையும் அதே வாயில் வழியே மனநோயாளரும் நுழையலாம் என்றாயிற்று. 1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியிருந்தமையே இதற்கு வழிவகுத்தது எனலாம். சில கிழமைகள் தங்கி மருந்துண்டு வீடு திரும்புதல் என்பது இம்மருந்துகளுக்குப் பின்னரே பரவலாக இயன்றது.

ஆனால் இந்நிகழ்வு நம் சமூக நினைவில் இடம்பெறவில்லை. 1911 ஒரு வசைச்சொல்லைத் தந்தது. 1958 எச்சொல்லையும் தரவில்லை. 1971-இல் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு, மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பாகியா' என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அரசு ஆவணங்களில் பெயர் மாறியது. நம் வீடுகளில் மாறவில்லை. 1998-இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. அதனையொட்டி அரசாங்கக் கிளினிக்குகளிலேயே மனநலப் பணி படிப்படியாக இணைக்கப்பெற்றது. 2001-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் 15555 என்னும் தொலைபேசி உதவி எண்ணும் ஏற்பட்டது. தேசிய சுகாதார ஆய்வின்படி வளர்ந்தோரில் மனச்சோர்வுற்றோர் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். மருத்துவம் அருகில் வந்துவிட்டது. நோயும் அருகில்தான் இருக்கிறது.

கோவிலும் மருத்துவமும்

தண்ணீர்மலை முருகனிடமும் சூலியா ஸ்திரீட் நாகூர் தர்காவிலும் நம்மவர் மனக்குறையை முறையிடுவது உண்டு. இதனை இழித்துரைப்பது கற்றோரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. தமிழகத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அதற்கு மறுஆண்டு, பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தைச் சார்ந்த இரகுராம் முதலியோர், தமிழகத்து முத்துசாமி கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, சராசரியாக ஆறு வாரங்களில் அவர்தம் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தமையைப் பிரிட்டன் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.  பரிவும் ஓய்வும் இருந்தன. தவறு கோவிலில் இல்லை, சங்கிலியிலும் காலத்தாழ்விலுமே உள்ளது என்பது நம் கருத்து.

சொல்

தமிழாசிரியர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் மகளின் மெலிவு கண்ட தாய், அது முருகனால் வந்தது எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும். அவள் அறத்தொடு நின்று உரைக்கும் வரை நோய் நோயாகவே நீடிக்கிறது. நோயை அறிந்தவளிடம் அதனைச் சொல்லும் சொல்லும் இருந்தது என்பதே நாம் ஈண்டு நோக்கத்தக்கது.

இன்றைய நம் மொழியில் அச்சொல் தெளிவாக இல்லை. மலேசியத் தமிழ் நாளேடுகளில் மன அழுத்தம், மன உளைச்சல், மனச்சோர்வு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. மலாய் மொழியோ 'தெக்கானான்' என்பதை நெருக்கடிக்கும், 'கெமுருங்ஙான்' என்பதை நோய்க்கும் எனப் பிரித்து வைத்துள்ளது. போரிடையே பணியாற்றிய யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் இத்தேவையை முன்னரே உணர்ந்தனர். தயா சோமசுந்தரம் முதலியோர் வழியாக உளவளத்துணை, நெருக்கீடு, மனவடு ஆகிய சொற்கள் அங்கு நிலைபெற்றன. அவற்றை நாம் இன்னும் கடன் கேட்கவில்லை. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த நாள்களில், தொடர்ந்து உறக்கமின்றி மருத்துவர் முன் அமர்ந்தபோது, 'எப்படி இருக்கிறது' என்ற வினாவிற்கு நமக்கே விடை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்ல முயன்றபோதுதான் தமிழிலும் அச்சொல் நம்மிடம் இல்லை என்பது தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் தீவிலுள்ள ஒரு கிளினிக்கில் நாம் கண்டதை இங்குக் குறிப்பிடுகிறோம். கடந்த இரு வாரங்களைப் பற்றிய ஒன்பது வினாக்கள் அடங்கிய தாளைத் தாதி மலாயில் வாசிக்க, இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி தாய்க்கு மொழிபெயர்த்தாள். "ம்மா, மனசு சரியில்லையான்னு கேக்குறாங்க." தாய் உடனே தலையை ஆட்டினார். "மனசெல்லாம் நல்லாதான் இருக்கு. தலைதான் கிறுகிறுங்குது." தாதி 'இல்லை' என்னும் கட்டத்தில் குறியிடப் போனார். சிறுமி சற்றுத் தயங்கி, தானே வினாவை மாற்றினாள். "ராத்திரி தூங்குறியாம்மா? முன்ன மாதிரி கோலம் போடணும்னு தோணுதா?" அத்தாய் மகளை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் நெடுநேரம் பேசினார். தாதி எழுதுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, முதல் வினாவிலிருந்து மீண்டும் தொடங்கினார்.