தென்முனையிலிருந்து வடமுனைக்கு

மரதன் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அத்தகைய பதினாறு ஓட்டங்களுக்கு நிகரான நெடுவழியை, 2011 ஜூலையில் இலங்கையர் சிலர் அறநோக்குடன் கால்நடையாகக் கடந்தனர்.

போர் 2009இல் ஓய்ந்தது. ஆயினும், வடபுலத்துப் புற்றுநோயாளர் பலர் கொழும்பை அடுத்த மகரகம வரை சென்றே சிகிச்சை பெற வேண்டியிருந்தது. அவர்களுக்கெனத் தெல்லிப்பழையில் மருத்துவமனை எழுப்பப் பொருள் திரட்டுவதே பயணத்தின் நோக்கம். சரிந்த உனம்புவ, நேதன் சிவகணநாதன் ஆகிய இருவர் முன்னின்றனர். ஆடைத் தொழில்துறையில் பணியாற்றிய இவர்கள் தொழில்முறை விளையாட்டு வீரர் அல்லர்.

தேவேந்திரமுனையிற் புறப்பட்டு, நாள்தோறும் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் நடந்து, 27 நாளில் 670 கிலோமீற்றரைக் கடந்து பருத்தித்துறையை அடைந்தனர். வழிநெடுக ஆயிரக்கணக்கானோர் உடன் நடந்தனர், மருத்துவமனையும் எழுந்தது.

2016இல் திசை மாறியது. காலியிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தனர்.