சைக்கிள் சங்கிலியின் சிறு பூட்டு

மாட்டு வண்டியின் கடையாணியை நாம் அறிவோம். அச்சின் நுனியில் செருகப்பெற்ற அவ்வாணி, சக்கரம் கழன்று ஓடாதவாறு காத்து நிற்கும். வண்டி மை இடவேண்டிய நாளில் அதனை உருவிவிட்டால் சக்கரம் எளிதில் கையோடு வந்துவிடும். ஓடும்போது பிடித்து நிற்பதும் வேண்டும்போது விட்டுக்கொடுப்பதும் ஆகிய இரு கடமைகளையும் அது ஒருங்கே ஆற்றியது. இயந்திர யுகத்தில் அவ்விரு கடமைகளையும் ஏற்ற மற்றொரு சிறு பொருளை, நாம் நாள்தோறும் காணும் சைக்கிளின் சங்கிலியிலே பார்க்கலாம்.

சங்கிலியின் கதை நெசவாலைகளிலிருந்து வருகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு என்னும் இளைஞர் 1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகருக்கு வந்தார். 1879-இல், அருகிலுள்ள சால்ஃபோர்டில் நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்லேட்டரின் தொழிலை விலைக்கு வாங்கினார். அக்காலச் சங்கிலிகளில் மெல்லிய தகடுகளின் துளைகளே முளையின்மீது உராய்ந்து விரைவில் தேய்ந்தன. 1880-இல் ரெனால்டு, முளையைச் சுற்றி ‘புஷ்’ என்னும் சிறு குழாயையும், அதன்மேல் சுழலும் உருளையையும் அமைத்தார். பாரம் குழாயின் நீளம் முழுவதும் பரவியது, தேய்மானம் குறைந்தது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவெண்ட்ரி நகரில் உருவாக்கிய ‘ரோவர்’ சைக்கிளில், பின்சக்கரத்தைச் சுழற்றும் பணி சங்கிலியைச் சேர்ந்தது.

ஆயினும் உறுதியே ஒரு தடையாகவும் அமைந்தது. முளைகளின் நுனிகளை அடித்து விரித்துவிட்டால், கண்ணிகள் பிரியமாட்டா. சங்கிலியோ சட்டத்தின் பின்கம்பியைச் சுற்றி ஓடுகிறது. திறவாமல் அதனை வண்டியிலிருந்து எடுத்தல் இயலாது. எனவே ஒரு கண்ணியை மட்டும் திறந்து மூடத்தக்கதாக அமைத்தனர். பட்டறைகளில் ‘செயின் லாக்’ என வழங்குவது இதுவே. இரு முளைகள் ஒரு தகட்டில் பதிந்திருக்கும்; மற்றொரு தகடு அவற்றின்மேல் தளர்வாக அமரும். முளைகளின் நுனியருகே உள்ள காடிகளில், வால் பிளந்த மீனைப் போன்ற மெல்லிய எஃகுக் கிளிப் வந்து கவ்விக்கொள்ளும்.

விரிந்து மீண்டும் குவியும் இத்தன்மை வில்லெஃகுக்கே உரியது. 1740-களில் ஷெஃபீல்டுக்கு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், கடிகார வில்லுக்கு ஏற்ற எஃகை நாடியே, அதனை மூசையில் உருக்கும் முறையைக் கண்டார். அத்தகைய எஃகைக் காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்துவதில் அளவு தவறலாகாது. கடினம் மிகுந்தால் ஒடியும். குறைந்தால் விரிந்தபடியே நின்றுவிடும்.

இதனை மாட்டுவதிலும் ஒரு விதி உண்டு. கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னே சென்றால், எதிர்ப்படும் பொருளில் மோதிக் கழன்றுவிடக்கூடும். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவரின் காலடியில் சங்கிலி திடீரென விலகினால், அவர் நிலைகுலைந்து விழ நேரும். விரல்நகமளவு தகட்டின் திசையில் ஒருவரது உயிரே அடங்கியிருக்கிறது அன்றோ?

எல்லா வண்டிகளுக்கும் இப்பூட்டு ஏற்றதன்று. பல பற்சக்கரங்கள் கொண்ட சைக்கிள்களின் ஒடுங்கிய சங்கிலிக்கு வேறுவகை இணைப்புகள் உள்ளன. ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள்களிலோ அடித்து விரித்த இணைப்பையே பெரிதும் விரும்புவர். எனினும், எளிய சைக்கிளைச் சாலையோரத் தொழிலாளி ஒருவர் ஒரு குறடு கொண்டே பழுதுபார்க்க முடிகிறதென்றால், அதற்கு இக்கிளிப்பும் காரணமாகும். வேலைக்குச் சைக்கிளில் செல்லும் நம்மில் பலருக்கு ஒரு நாட்கூலியைக் காத்துத் தருவது அதுவே. அடுத்த முறை வண்டியைத் துடைக்கும்போது, மூடிய முனை எத்திசையை நோக்குகிறதென்று ஒரு கணம் குனிந்து பார்ப்போமாக.