கோக்குராவை மறைத்த முகில்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் நாகசாகி நகரின்மேல் வீசப்பட்ட அணுகுண்டு அந்நகருக்கெனக் கொண்டு செல்லப்பட்டதன்று. கோக்குரா என்னும் நகரை அழிக்கவே அது புறப்பட்டது. முதலிலக்குக் கைகூடாவிடில் நாடவேண்டிய மாற்றிலக்காகவே நாகசாகி குறிக்கப்பட்டிருந்தது. ஹிரோஷிமாவின் அழிவைப் பற்றி விரித்துரைக்கும் நூல்கள் பல, மூன்று நாள் கழித்து நிகழ்ந்த இந்த இரண்டாம் பயணத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆயினும், ஒரு நகரத்தார் சாவதும் மற்றொரு நகரத்தார் பிழைப்பதும் எத்துணைச் சிறிய காரணங்களால் முடிவாயின என்பதை அறிய விழைவோர் இப்பயணத்தையே கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

அணுகுண்டு வீசும் பணிக்கெனவே 1944 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவில் 509ஆம் கூட்டுப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. யூட்டா மாநிலத்து வெண்டோவர் தளத்தில் பயிற்சி பெற்ற அப்பிரிவுக்குக் கர்னல் பால் டிப்பெட்ஸ் தலைவர். அவர்கள் செலுத்தியவை போயிங் நிறுவனம் வடிவமைத்த பி-29 வானூர்திகள். நான்கு இயந்திரங்களும், ஏறத்தாழ 43 மீட்டர் சிறகு அகலமும் கொண்டவை. மிக உயரத்தில் பறக்கும்போதும் உள்ளிருப்போர் இயல்பாக மூச்சு விடுமாறு காற்றழுத்தம் காக்கப்பட்ட அறைகள் உடையவை. இவ்வினத்து வானூர்திகளைச் சிங்கப்பூர் மக்கள் முன்னரே கண்டிருந்தனர். 1944 நவம்பர் 5ஆம் நாள், வங்காளத்துக் கரக்பூர் வட்டாரத்திலிருந்து பறந்து வந்து சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைத் தாக்கியவை இவையே. அணுகுண்டு சுமக்கவென்று ஒதுக்கப்பட்டவற்றில் மட்டும், வால்புறத் துப்பாக்கிகள் தவிர ஏனைய துப்பாக்கிக் கூண்டுகள் யாவும் களையப்பட்டன. குண்டு தாங்கும் அறையும் மாற்றி அமைக்கப்பட்டது.

முதற்பயணம் வகுத்த திட்டத்தில் வழுவாது நடந்தேறியது. ஆகஸ்டு 6ஆம் நாள் பின்னிரவு 2.45 மணிக்கு, பசிபிக் கடலிலுள்ள டினியன் தீவினின்று எனோலா கே புறப்பட்டது. டிப்பெட்ஸ் தம் அன்னையின் பெயரையே அவ்வானூர்திக்குச் சூட்டியிருந்தார். தாயின் பெயர் தாங்கிச் சென்ற அது, ஹிரோஷிமா நேரப்படி காலை 8.15 மணிக்கு யுரேனியக் குண்டைக் கீழே விட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் அங்கு மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர் எனக் கணக்கிடப்படுகிறது.

இரண்டாம் பயணமோ தொடக்கத்திலேயே தடுமாறியது. 11ஆம் நாளுக்கென வகுக்கப்பட்டிருந்த அது, வானிலை கெடும் என்ற முன்னறிவிப்பால் 9ஆம் நாளுக்கு முற்படுத்தப்பட்டது. இதனை நடத்தும் பொறுப்பு மேஜர் சார்ல்ஸ் சுவீனிக்கு அளிக்கப்பட்டது. அவருடைய வானூர்தியான கிரேட் ஆர்ட்டிஸ்ட்டில், ஹிரோஷிமாப் பயணத்துக்கென அளவைக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றி மாற்றுவதைவிட ஆட்கள் வானூர்தி மாறுவது எளிதெனக் கண்டு, கேப்டன் பிரெடரிக் பாக்கின் வானூர்தியைச் சுவீனி ஏற்றார். பாக் கிரேட் ஆர்ட்டிஸ்ட்டை ஓட்டினார். பாக் பெயரால் பாக்ஸ்கார் எனப்பட்ட அவ்வூர்தி, அவரில்லாமலே நாகசாகிக்குச் சென்றது. இம்மாற்றத்தால், குண்டை வீசியது கிரேட் ஆர்ட்டிஸ்ட் என்றே முதற்செய்திகள் பிழையாக அறிவித்தன.

புறப்படுமுன் மற்றோர் இடர் தெரியவந்தது. சேமக்கலனிலிருந்து எரிபொருளை மாற்றும் விசைக்குழாய் இயங்கவில்லை. அதனால் 640 கேலன் எரிபொருள் பயன்படாது போயிற்று. ஆயினும் அதன் சுமையைத் தாங்கியே பறக்கவேண்டும். குண்டை வேறு வானூர்திக்கு மாற்றுவது நேரமும் பேரிடரும் உடையதாதலின், புறப்படுவதென்றே முடிவு செய்யப்பட்டது.

அன்று சென்ற 13 பேருள் பெரும்பாலோர் தாம் செய்யப்போவது யாதென அறிந்தே சென்றனர் என்பது கருதற்பாலது. முதற்குண்டின் உண்மைத் தன்மை ஹிரோஷிமாவுக்குப் பறந்தோர் பலர்க்கும் முன்கூட்டி முழுமையாக உரைக்கப்படவில்லை. சுவீனியும், குண்டை இலக்குப் பார்த்து விடும் பொறுப்பினரான கெர்மிட் பீஹனும் கிரேட் ஆர்ட்டிஸ்ட்டிலிருந்து அந்தப் புகைமுகிலைத் தம் கண்ணாலேயே கண்டவர்கள். எனோலா கேயில் சென்ற ஜேக்கப் பெசர் பாக்ஸ்காரிலும் சென்றார். இரு குண்டுகளையும் சுமந்த வானூர்திகள் இரண்டிலும் பறந்தவர் அவர் ஒருவரே.

யாக்குஷிமாத் தீவின்மேல் துணை வானூர்திகள் இரண்டும் வந்து சேரவேண்டும். ஒன்று வந்தது, மற்றொன்று வரவில்லை. 15 நிமிடமே காத்திருக்கலாம் என்பது கட்டளை. சுவீனி அரைமணிக்கும் மேலாக வட்டமிட்டார். அப்பால் கோக்குராவை அடைந்தபோது, அங்குள்ள படைக்கலச் சாலையை முகிலும் புகையும் மூடியிருந்தன. முந்திய நாள் தாக்கப்பட்ட அண்டை நகரான யவாட்டாவின் தீப்புகையும் அதில் கலந்திருந்தது. இலக்கைக் கண்ணால் கண்ட பின்னரே குண்டை விடவேண்டும் என்பது ஆணை. மும்முறை நகரின்மேல் பறந்தும் பீஹனால் இலக்கைக் காண இயலவில்லை. கீழே தம் வேலைகளில் இருந்த கோக்குரா மக்கள், வானத்தில் நிகழ்ந்த இத்தேடலை அப்போது அறியார்.

எரிபொருள் அருகிய நிலையில் வானூர்தி நாகசாகிக்குத் திரும்பியது. அங்கும் முகில்! ஒருமுறை பறந்து பார்க்கவே எரிபொருள் இருந்தது. ஆணையை மீறி, ராடார் துணைகொண்டு குண்டை விடலாம் என்று குண்டுக்குப் பொறுப்பான கடற்படை அதிகாரி ஆஷ்வொர்த் இசைந்தார். இறுதிக் கணத்தில் முகிலிடையே ஓர் இடைவெளியைக் கண்டதாகப் பீஹன் கூவினார். முற்பகல் 11.02 மணிக்குப் புளுட்டோனியக் குண்டு வெடித்தது. குறித்த இடத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அப்பால், உராகாமிப் பள்ளத்தாக்கின்மேல் அது வெடித்தமையால் இடையிலிருந்த குன்றுகள் நகரின் ஒரு பகுதியைக் காத்தன. அப்பள்ளத்தாக்கில் ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்தன. வீடுகளும் பள்ளிகளும் கத்தோலிக்கப் பேராலயமும் அவற்றோடு இருந்தன. அவ்வாண்டு முடிவுக்குள் ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். அன்று பீஹனின் 27ஆம் பிறந்த நாள்.

டினியனுக்கு மீள எரிபொருள் இல்லை. ஓக்கினாவாவில் பாக்ஸ்கார் இறங்கும் தறுவாயிலேயே ஓர் இயந்திரம் எரிபொருளின்றி நின்றுவிட்டது.

குண்டு வீசிய விமானி பித்துற்றார் என்றொரு கதை உலகெங்கும் வழங்குகிறது. அது கிளாட் ஈதர்லி என்பாரைப் பற்றியது. அவர் குண்டை வீசியவரல்லர். ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவின் வானிலையை முன்சென்று பார்த்து அறிவித்தவர். பின்னாளில் மருத்துவமனையில் இருந்தவாறு மெய்யியலாளர் குந்தர் ஆண்டர்சுடன் மடல்வழி உரையாடினார். டிப்பெட்சோ தம் செயலுக்கு வருந்தவில்லை என்றே இறுதிவரை கூறிவந்தார். எனினும் 2007இல் அவர் மறைந்தபோது, எதிர்ப்பாளர்கள் கூடும் இடமாகிவிடும் என்று கருதிக் கல்லறை எழுப்பவேண்டா என முன்னரே சொல்லியிருந்தார். வருந்திய ஒருவரை மட்டும் மக்கள் நினைவு குண்டு வீசியவராக்கிக் கொண்டமை வியப்பன்று; அந்த வருத்தத்தை யாரிடமேனும் காண உலகம் விழைந்தது போலும்.

பாக்ஸ்கார் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், அமெரிக்க வான்படை அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டுள்ளது. கோக்குரா 1963இல் கித்தாக்கியூஷு மாநகருடன் இணைந்தது. படைக்கலச் சாலை இருந்த நிலத்தில் இன்று பூங்காவும், அதில் நாகசாகியில் மாண்டோர்க்கென ஒரு நினைவுச் சின்னமும் உள்ளன. ஆண்டுதோறும் ஆகஸ்டு 9ஆம் நாள் அந்நகரத்தார் அங்குக் கூடி, தங்களுக்குப் பதிலாக மாண்டவர்களை நினைத்து வணங்குகின்றனர்.