அசையாத முகம்

1886இல் எஸ்டோனியாவின் டோர்பாட் நகரில் மனநல மருத்துவப் பேராசிரியராகச் சேர்ந்த எமில் கிரேபலினுக்கு, அங்கிருந்த நோயாளிகள் பலருடைய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் அவர்களை விசாரித்தார். பிறகு ஹைடல்பெர்க்கில் ஆளுக்கொரு அட்டை எழுதி, நோய் ஆண்டுக்கணக்கில் போகும் போக்கைக் கவனித்தார். இன்று மனச்சிதைவு எனப்படும் நோயை அப்படித்தான் பிரித்தறிந்தார். உணர்ச்சி மழுங்கிப்போவதை அதன் முக்கிய அடையாளமாகக் கொண்டார். பெற்றவர்களே பார்க்க வந்தாலும் மலராத முகம், உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாயிற்று.

அதே 1886இல் ஆய்கன் ப்ளாய்லர் சுவிட்சர்லாந்தின் ரைனாவ் மனநலக் காப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். ரைன் ஆற்றுத் தீவிலிருந்த பழைய மடம் அது. ப்ளாய்லர் சூரிச் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். நோயாளிகளிடம் வட்டாரப் பேச்சிலேயே பேசினார். 12 ஆண்டுகள் அவர்களோடே வாழ்ந்தார். அவருடைய சகோதரிக்கும் இதே நோய் இருந்தது. எட்டி நின்று பார்த்த கிரேபலினுக்குப் புலப்படாதது இவருக்குப் புலப்பட்டதில் வியப்பில்லை. உணர்ச்சிக் குறைவை ப்ளாய்லரும் அடிப்படை அறிகுறியாகவே எண்ணினார். ஆனால் மரத்துப்போனதாகத் தோன்றுபவரிடமும், மனத்தை உறுத்தும் விஷயத்தைத் தொட்டால் உணர்ச்சி பொங்கி வரும் என்று 1911இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார்.

அந்த வரிகளுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. பலருடைய பிரமைகளை அது அடக்கியது. சிலருக்கோ பார்க்கின்சன் நோய் போன்ற இறுக்கத்தைத் தந்து முகத்தை உறைய வைத்தது. நோயின் விளைவு எது, மருந்தின் விளைவு எது என்று பிரிப்பது இன்றும் மருத்துவர்களுக்குக் கடினமான வேலை.

1990களில் அமெரிக்க உளவியலாளர்கள் ஆன் கிரிங்கும் ஜான் நீலும் மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் திரைப்படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தில் அசைவு குறைவுதான். ஆனால் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்களுக்குக் குறையாத மகிழ்ச்சியையும் அச்சத்தையும் சொன்னார்கள். உள்ளக் கிளர்ச்சியைக் காட்டும் தோலின் மின்கடத்துத் திறனிலோ மற்றவர்களைவிடக் கூடுதல் மாற்றம் தெரிந்தது. 1996இல் இந்த ஆய்வு வெளியானது. எத்தனை பேரை எத்தனை காலம் கல்லென்று எண்ணி ஒதுக்கியிருப்போம்!

இத்தகைய அறிகுறிகளை மதிப்பிட கிரிங்கும் சக ஆய்வாளர்களும் பின்னர் உருவாக்கிய நேர்காணல் அளவுகோலில் 13 கூறுகள் உள்ளன. முகபாவம், குரல், கையசைவு, பேச்சின் அளவு ஆகிய நான்கும் பார்த்து மதிப்பிடப்படுபவை. ஆர்வம், இன்பம் பற்றிய மீதி ஒன்பதையும் நோயாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.