450 என்னும் எண்: மலிவு விளையாட்டுக் கணினியின் வரலாறு

செய்யுளுக்கு உறுப்புகள் 34 என்று தொல்காப்பியச் செய்யுளியல் கணக்கிட்டுச் சொல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் எனத் தனித்தனியே அறியப்பட வேண்டியவை அவை. எனினும் ஓரிடத்தில் பிசகினால் முழுச் செய்யுளின் ஓசையும் கெடும் என்பது யாப்பு கற்பிப்போர் அனைவரும் அறிந்ததே. வகுப்பறையில் இதை விளக்கும்போது மாணவர் முகங்களில் பெரிய கிளர்ச்சி எதையும் நாம் கண்டதில்லை. ஆனால் அதே மாணவர்கள், முதன்முதலாக ஒரு விளையாட்டுக் கணினியைத் தாமே பாகம் பாகமாகத் தேர்ந்து சேர்க்க முற்படும்போது, எந்த இலக்கண ஆசிரியரும் வியக்கத்தக்க நுட்பத்தோடு உறுப்புகளைப் பற்றி வாதிடுகிறார்கள். செயலி எது, தாய்ப்பலகை எது, வரைகலை அட்டை எது, நினைவகம் எவ்வளவு? கையிலிருப்பது ஒரே தொகை. ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் அது பெற்றோரின் பல மாதச் சேமிப்பு. தேர்வு பிழைத்தால் இரண்டாம் முறை கிடைப்பதில்லை.

இந்தத் தேர்வுரிமைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் 1998ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு நடுநாயகமாக நிற்கிறது. அதற்குச் செல்லுமுன் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

*

கணினியைப் பாகங்களாக வாங்க முடியும் என்பது இயற்கையாக அமைந்த ஒன்றன்று. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. தொடக்க விலை 1565 டாலர். டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஃப்ளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் பணியாற்றிய சிறு குழுவுக்கு ஓராண்டு அளவிலேயே வேலையை முடிக்க வேண்டிய நெருக்கடி இருந்தது. ஆகவே அவர்கள் எல்லாவற்றையும் தாமே வடிக்காமல், சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே கணினியை அமைத்தார்கள். செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் தந்தது. பிறர் செய்த அட்டைகளைச் செருகுவதற்கு உள்ளே ஐந்து இடங்கள் விடப்பட்டிருந்தன. சுற்றமைப்பு விவரங்களும் நூலாக வெளியிடப்பட்டன.

ஐபிஎம்முக்கே உரியதென எஞ்சியது, கணினியை உயிர்ப்பிக்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரல் ஒன்றே. 1982இல் ஹூஸ்டன் நகரில் தோன்றிய காம்பாக் நிறுவனம் அதற்கும் வழி கண்டது. ஒரு குழு அந்நிரல் என்ன செய்கிறது என்பதை மட்டும் ஆராய்ந்து எழுதிக் கொடுத்தது. மூல நிரலைக் கண்ணாலும் பாராத மற்றொரு குழு அக்குறிப்புகளைக் கொண்டு புதிதாக ஒன்றை இயற்றியது. பொருளை மட்டும் கேட்டறிந்து சொல்லைத் தானே யாக்கும் புலவனின் செயல் போன்றது இது. சட்டத்தால் தடுக்க இயலாத இவ்வழியைப் பின்னர் பிறரும் பற்றினர். ஐபிஎம் கணினிக்கு நிகரானவை உலகெங்கும் பெருகின. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை, எவர் செய்த பலகையும் எவர் செய்த பெட்டியிலும் பொருந்த வகை செய்தது. தைவானில் உருவான ஒரு பலகையைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, வேறெங்கோ உருவான பெட்டியில் பொருத்த முடிகிறதென்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது. ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர்’ என்று நம்மூரில் வழங்கும் சொல்லுக்குள் இத்தனை வரலாறும் அடங்கியிருக்கிறது.

*

எதை வாங்குவது என்ற கேள்வியைக் கூர்மையாக்கியவை விளையாட்டுகளே. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் எந்தக் கணினியும் போதும். 1996 ஜூனில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட குவேக் என்னும் விளையாட்டு அப்படிப் பொதுவாக விட்டுவிடவில்லை.

அக்காலத்தில் இன்டெல் செயலிகளுக்கு மலிவான மாற்றாக சைரிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86 இருந்தது. 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அதன் ஒரு வகை, ‘166+’ என்ற பெயருடன் விற்கப்பட்டது. 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகரானது என்பது பொருள். அலுவலக வேலைகளில் அது பொய்யான கூற்றன்று. ஆனால் குவேக் தன் முப்பரிமாண உலகை வரையப் பதின்மப் புள்ளிக் கணக்குகளை நம்பியிருந்தது. பென்டியம் ஒரு வகுத்தலைப் பின்னணியில் செய்துகொண்டிருக்கும்போதே முழு எண் வேலைகளையும் தொடரவல்லது. அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் மைக்கேல் அப்ராஷ் நிரலை நுணுக்கமாகச் செதுக்கியிருந்தார். சைரிக்ஸ் செயலியின் பதின்மப் பகுதி அந்த அளவுக்கு வலியதன்று. பெட்டியின் மேல் எழுதிய எண்ணை நம்பி வாங்கியவர்கள், குவேக்கின் இருண்ட கூடங்களில் தம் கணினி தடுமாறுவதைக் கண்டார்கள். ஓர் உறுப்பின் தகுதி அது செய்யவேண்டிய வேலையைப் பொறுத்தே அமையும் என்பதைப் பலர் பணம் கொடுத்துக் கற்ற தருணம் அது.

அதே 1996இல் வேறொரு கதவும் திறந்தது. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ என்னும் வரைகலைச் சில்லு, முப்பரிமாணக் காட்சிகளை வரையும் சுமையைச் செயலியிடமிருந்து பிரித்தெடுத்தது. நினைவகச் சில்லுகளின் விலை அவ்வாண்டில் கடுமையாகச் சரிந்ததால், 4 மெகாபைட் நினைவகம் கொண்ட அட்டையை ஏறக்குறைய 300 டாலருக்கு விற்பது சாத்தியமாயிற்று. வழக்கமான இருபரிமாண அட்டையும் தனியே இருந்தாக வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு சிறு கம்பிவடம் இணைக்கும். 1997 ஜனவரியில் குவேக்கின் ஜிஎல் வடிவம் வந்தபோது, வூடூ பொருத்திய கணினியில் அதைக் கண்டவர்கள் அதன்பின் பழைய காட்சிக்குத் திரும்பவில்லை. விளையாட்டுக் கணினிக்கான தொகையில் பெரும்பங்கை வரைகலை அட்டைக்கு ஒதுக்குவது என்ற மரபு இங்கே தொடங்குகிறது.

*

இனி 1998க்கு வருவோம். மலிவுச் சந்தையைப் போட்டியாளர்களிடம் இழந்துகொண்டிருந்த இன்டெல், ஏப்ரலில் செலரான் என்ற பெயரில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. பென்டியம் 2இன் உட்கருவே அது. ஆனால் விலையைக் குறைப்பதற்காக இரண்டாம் நிலை இடைநினைவகம் முழுதுமாக நீக்கப்பட்டிருந்தது. விமர்சகர்கள் எள்ளி நகையாடினர்.

குறையைச் சரிசெய்து ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்டதே செலரான் 300ஏ. 128 கிலோபைட் இடைநினைவகம் இப்போது செயலிச் சில்லுக்குள்ளேயே, செயலியின் முழு வேகத்தில் இயங்குமாறு வைக்கப்பட்டது. விலை உயர்ந்த பென்டியம் 2இல் இருந்தது 512 கிலோபைட். ஆனால் அது சில்லுக்கு வெளியே, பாதி வேகத்தில் இயங்கியது. அளவில் சிறியது வேகத்தில் பெரியதாயிற்று. குறை கூறியவர்களின் வாயை அடைக்கச் செய்த திருத்தம், செய்தவர்கள் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே பலித்துவிட்டது.

மற்றொரு செய்தியும் உண்டு. செயலியின் வேகம் என்பது தாய்ப்பலகைத் தடத்தின் வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பது. 300ஏவின் பெருக்கெண் 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. தடம் 66 மெகாஹெர்ட்ஸ். ஆகவே வேகம் 300. ஆனால் உயர்தரச் செயலிகளுக்கென அவ்வாண்டு வந்திருந்த 440பிஎக்ஸ் பலகைகளின் தடம் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடவல்லது. நூறை 4.5ஆல் பெருக்கினால் 450.

அந்த எண் தற்செயலாக அமைந்ததுதான். ஆயினும் அதன் பொருள் பெரிது. அதே ஆகஸ்ட் 24 அன்று வெளியான இன்டெல்லின் உச்சச் செயலி பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். மொத்தக் கொள்முதல் விலை 669 டாலர். செலரான் 300ஏவின் விலை 149 டாலர். இரண்டும் ஒரே உற்பத்தி முறையில் உருவானவை. 300ஏக்களில் பெரும்பாலானவை சலனமின்றி 450இல் ஓடின. ஆபிட் நிறுவனத்தின் பிஹெச்6 போன்ற பலகைகளில் திரையிலேயே தடவேகத்தை மாற்றலாம். அவ்வசதி இல்லாத பலகைகளுக்கென ஒரு உபாயம் பரவியது: செயலி அட்டையின் பி21 என்னும் முனையின்மேல் மின்கடத்தா ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டினால், பலகை தன் தடத்தைத் தானே 100க்கு உயர்த்திக்கொள்ளும்.

மிச்சம் 520 டாலர். ஒரு மாணவனுக்கு அது வேறொரு செயலியின் விலையன்று. வூடூ 2 அட்டையின் விலை, கூடுதல் நினைவகத்தின் விலை. அவ்வாண்டு மே மாதம் அன்ரியலும் நவம்பரில் ஹாஃப் லைஃபும் வெளியாயின. செல்வந்தர் வீட்டுக் கணினியில் ஓடியதற்குச் சற்றும் குறையாமல் அவை எளியவன் அறையிலும் ஓடின. இதைச் சாத்தியமாக்கியது தள்ளுபடியோ தானமோ அல்ல. பெருக்கல் வாய்ப்பாடும் ஒரு நாடாத் துண்டும்தான்.

விலைப்பட்டியல் நமக்குச் சொல்லும் படிநிலைகள் எல்லாம் பொருளின் இயல்பிலிருந்து எழுந்தவையல்ல என்பதை இந்நிகழ்வு வெளிப்படையாக்கியது. ஒரே ஆலையில் பிறந்த இரண்டு சில்லுகளுக்கு நடுவே எழுப்பப்பட்ட சுவரில் ஒரு பகுதி வணிகத்தின் தேவைக்காகக் கட்டப்பட்டது. படித்தறிந்தவர் அதைத் தாண்டினார்; அறியாதவர் சுவரின் விலையையும் சேர்த்துக் கொடுத்தார்.

*

இந்தக் கதையை வெற்றிப் பரணியாக மட்டும் பாடுவது முறையாகாது. எல்லா 300ஏக்களும் 450ஐ எட்டவில்லை. வேகத்தை உயர்த்தியவருக்கு உத்தரவாதம் கிடையாது. அக்காலத்தில் குறைந்த வேகச் செயலிகளின் முத்திரையை அழித்து, உயர்ந்த எண்ணை அச்சிட்டு ஏமாற்றி விற்ற வணிகர்களும் இருந்தார்கள். வாங்கியவன் விரும்பிச் செய்தால் அது திறன். விற்பவன் மறைத்துச் செய்தால் அது மோசடி.

மலிவைத் தேடிய இன்னொரு பாதை பெருஞ்சேதத்தில் முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த ஏராளமான தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் தரங்குறைந்த மின்பகுளி கொண்ட மின்தேக்கிகள் பயன்படுத்தப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில் அவை உப்பி, வெடித்து, கசிந்தன. வாங்கும் நாளில் எவராலும் காண இயலாத குறை அது. எல்லாரும் செயலியையும் வரைகலை அட்டையையும் பற்றியே பேசினார்கள். மின்வழங்கியைப் பற்றி எவரும் பேசவில்லை. பேசப்படாத உறுப்பே பல கணினிகளைச் சாய்த்தது.

1998இன் கதையை 2014இல் இன்டெல் தானே மறுபதிப்புச் செய்ய முயன்றது. பென்டியம் என்ற பெயரின் இருபதாம் ஆண்டையொட்டி 72 டாலருக்கு ஜி3258 என்னும், பெருக்கெண் பூட்டப்படாத செயலியை வெளியிட்டது. வேகம் எளிதில் உயர்ந்தது. பழைய ஆர்வலர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அதில் கருக்கள் இரண்டே. அவ்வாண்டு நவம்பரில் வந்த ஃபார் க்ரை 4, வெளியானபோது அத்தகைய செயலியில் தொடங்கவே மறுத்தது. 1998இல் வேகமே எல்லாம். 2014இல் காலம் கருக்களின் எண்ணிக்கைக்கு மாறிவிட்டிருந்தது. பழைய இலக்கணத்தால் புதிய செய்யுளை அளந்ததன் விளைவு அது.

அதற்குப் பின்னும் எளியவனின் கணக்கைக் குலைத்தவை வெளியிலிருந்தே வந்தன. 2020 முதல் 2022 வரை, மறைகுறி நாணயம் தோண்டுவோரின் வேட்கையும் சில்லுத் தட்டுப்பாடும் வரைகலை அட்டைகளை எட்டாக்கனியாக்கின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியபின் அந்த வேட்கை தணிந்தது. 2025இன் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் நினைவகத்தின் விலை ஏறியது. 1996இல் நினைவகம் மலிந்ததால் பிறந்த ஒரு மரபு, நினைவகம் அருகியதால் தளர்வதை நாம் பார்த்தோம்.

*

முதற் கணினிக்குப் பாகம் தேடும் மாணவருக்கு இவ்வரலாறு ஒரு பட்டியலைத் தராது. பட்டியல்கள் ஆறு மாதத்தில் பழையனவாகிவிடும். ஆனால் கேட்கவேண்டிய கேள்விகளைத் தருகிறது. நான் ஆடவிருக்கும் விளையாட்டு எந்த உறுப்பின்மேல் சுமையை ஏற்றுகிறது? இவ்விரு பொருள்களுக்கும் இடையிலான விலை வேறுபாடு எதனால் ஆனது? எவரும் பேசாத உறுப்பு எது, அதில் நான் எவ்வளவு குறைத்திருக்கிறேன்? நாளை வரவிருப்பது இதே அளவுகோலால்தான் அளக்கப்படுமா?

குறைந்த தொகையோடு சந்தைக்குள் நுழைபவருக்கு அறியாமை என்னும் சொகுசு இல்லை. பணமுள்ளவர் தவறாக வாங்கினாலும் மறுபடி வாங்கிக்கொள்வார். மற்றவர் படித்துவிட்டே வாங்கியாக வேண்டும். 1998இல் 149 டாலரோடு வந்தவர்களும் அப்படிப் படித்துவிட்டு வந்தவர்களே. அவர்கள் மேசைமேல் ஓடிய 450 என்னும் எண் அந்தப் படிப்பின் ஊதியம்.